"கிடையில் விழாமல் போய்ச் சேர வேண்டும்" என்று அம்மா சொன்னதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா?

தென்கரைவாசி (சோழவந்தான்)

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதமாகத் தயங்கிவிட்டுத்தான் தொடங்குகிறேன். எனக்கு வயது 61. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டேன். நாற்பது வயதிலிருந்தே எனக்கென்று ஒரு கொள்கை உண்டு. குணமாகும் என்ற நம்பிக்கை போய்விட்ட பிறகு மூச்சை மட்டும் கருவியில் கட்டி வைக்கக் கூடாது, அந்த நிலை எனக்கு வந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து விட்டுவிட வேண்டும் என்பதே அது. இதை நண்பர்களிடமும் வீட்டிலும் பல முறை சொல்லியிருக்கிறேன், ஓரளவு பெருமையாகவே சொல்லியிருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவுக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. அப்போது அவருக்கு வயது 83. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 12 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். 13ஆம் நாள் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்த வேண்டியிருக்கும் என்றும், அதன் பிறகும் எழுந்து உட்காருவார், நம்மை அடையாளம் காண்பார் என்று தம்மால் உறுதி சொல்ல முடியாது என்றும் மருத்துவர் சொன்னார். அண்ணன் முடிவை என்னிடம் விட்டுவிட்டார், அக்கா அழுதுகொண்டே இருந்தார். சொந்த விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்கிறோம் என்ற படிவத்தில் நான்தான் கையெழுத்திட்டேன். ஆம்புலன்ஸில் கையால் அமுக்கும் பையைக் கொண்டு மூச்சுக் கொடுத்தபடியே ஊர் வந்து சேர்ந்தோம். நடுவீட்டில் கிடத்தி, உறவினர்கள் வாயில் பால் ஊற்றிய பிறகு குழாயை எடுத்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இப்போது எனக்காக, லிவிங் வில் எனப்படும் முன்விருப்ப ஆவணத்தை எழுதிப் பதிந்து வைக்கலாம் என்று மகளிடம் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "உங்களுக்கு வேண்டாம் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் அப்பா. அப்பத்தாவுக்கு வேண்டாம் என்று உங்களிடம் யார் சொன்னது?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் கேட்க விரும்புவதும் இதுதான். ஒருவன் தனக்கென்று வகுத்துக்கொண்ட நெறியை, பேச முடியாமல் கிடக்கும் இன்னொருவர் மீது செலுத்தலாமா? அவர் பெற்ற தாயாகவே இருந்தாலும்?

ஆனையூர் செவிலி

ஐயா, பதினெட்டு ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணி செய்தவள் என்ற முறையில் முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சு வரும் இடங்களிலெல்லாம் அரைகுறைச் செய்திகளே உலவுகின்றன.

மீள முடியாத நிலையில் இருப்பவருக்கு உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதையும் நிறுத்துவதையும் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2018 மார்ச் 9 அன்று அனுமதித்தது. ஊசி போட்டு உயிரைப் போக்குவது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். 2018இல் வகுத்த நடைமுறை மிகக் கடினமாக இருந்தது. ஆவணத்தில் நீதித்துறை நடுவர் கையொப்பமிட வேண்டும் என்ற ஒரு நிபந்தனையே பலரைத் திருப்பி அனுப்பிவிட்டது. 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் பெற்றால் போதும். நமக்காக முடிவு சொல்ல வேண்டியவர்களாக ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் பெயர்களைக் குறிப்பிடலாம்.

ஆவணம் எழுதாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சிகிச்சை அளிக்கும் மருத்துவரும், குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவமுள்ள இரண்டு துறை வல்லுநர்களும் கொண்ட முதல் குழு நோயாளியைப் பார்க்க வேண்டும். பிறகு மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒருவரும் வேறு இரண்டு வல்லுநர்களும் கொண்ட இரண்டாவது குழு பார்க்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும். நிறுத்துவதற்கு முன் நடுவருக்குத் தகவல் போக வேண்டும். குழுக்களுக்குள் கருத்து வேறுபட்டால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

நடப்பது வேறு. நான் பார்த்த வரையில் பெரும்பாலான குடும்பங்கள் உங்களைப் போலவே படிவத்தில் கையெழுத்துப் போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போகின்றன. வாசலில் நின்று வழியனுப்பும் எங்களுக்கும் அந்த வண்டி எதற்காகப் போகிறது என்பது தெரியும். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆறு மருத்துவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டிய ஒன்றை, பன்னிரண்டு நாள் தூங்காத ஒரு மகனின் கையெழுத்தில் ஏற்றி வைக்கிறோம் என்பதைச் சொல்கிறேன்.

செல்லூர்க்காரன்

எல்லோரும் கொள்கை, நெறி என்று பேசுகிறீர்கள். நான் பித்தளைப் பாத்திரப் பட்டறையில் வேலை செய்தவன். என் தகப்பனாருக்கு இதே நிலை வந்தபோது எங்கள் வீட்டில் கொள்கை எதுவும் இருக்கவில்லை. காப்பீட்டு அட்டை இருந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு என்பது உண்மைதான், ஆனால் அது எல்லா நோய்க்கும் எல்லா மருத்துவமனையிலும் ஒரே மாதிரி கை கொடுப்பதில்லை. மூன்றாம் நாள் என் மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. ஏழாம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். அங்கே கட்டணம் இல்லை, ஆனால் நான் வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியும் இல்லை. பதினோராம் நாள் அவரே போய்விட்டார். எங்களைக் கையெழுத்துப் போட வைக்காமல் போனாரே என்று அன்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

தென்கரை ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த 13ஆம் நாளில் பில் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா?

தென்கரைவாசி

தெரிந்திருந்தது.

அன்று காலையில்தான் கணக்குப் பிரிவில் அழைத்துச் சொன்னார்கள். கட்ட முடியாத தொகை அன்று, வைப்பு நிதியை உடைத்தால் கட்டியிருக்கலாம். பணத்துக்காகக் கையெழுத்துப் போட்டேன் என்று நான் நினைக்கவில்லை. பணத்தை நினைக்காமல் போட்டேன் என்றும் சொல்ல மாட்டேன். இருபது ஆண்டுகளாகப் பேசி வந்த கொள்கை ஒன்று கைவசம் இருந்ததால், அந்தத் தொகையைப் பற்றி என்னோடு நானே பேச வேண்டிய தேவை வரவில்லை. இதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

கீழக்குயில்குடி வாத்தியார்

வரலாற்று ஆசிரியன் என்பதால் என் பேச்சு மலைப் பக்கம்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்ச் சமணர் மலையில் செட்டிப்புடவுக்கும் பேச்சிப்பள்ளத்துக்கும் மாணவர்களை ஆண்டுதோறும் அழைத்துச் செல்வேன். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளைக் காணும்போது, உணவைத் துறந்து உயிர் நீத்தவர்களைப் பற்றி ஏதாவது ஒரு பிள்ளை கேட்காமல் இருப்பதில்லை. "அது தற்கொலை இல்லையா சார்?" என்பார்கள். சமணர்கள் சல்லேகனை அல்லது சந்தாரா என்று அழைக்கும் அந்த நோன்பைத் தற்கொலை என்றே கருதி ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்ட் 10 அன்று தடை செய்தது. அதே மாதம் 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. ஆகவே என் மாணவர்களின் கேள்விக்கு நீதிமன்றங்களும் ஒரே பதிலைச் சொல்லவில்லை.

தமிழ் மரபில், வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர் துறக்கும் வடக்கிருத்தல் உண்டு. கோப்பெருஞ்சோழன் தன் மக்களோடு ஏற்பட்ட பகையால் மனம் வெறுத்து வடக்கிருந்த செய்தி பலருக்கும் தெரியும். பாண்டிய நாட்டுப் பிசிராந்தையார் அதுவரை நேரில் பார்த்திராத நண்பனுக்காக வந்து உடன் அமர்ந்ததும் தெரியும். பலரும் கவனிக்காமல் விட்டுவிடுவது சோழனின் நண்பரான புலவர் பொத்தியாரின் கதையை. அவரும் உடன் வடக்கிருக்க விரும்பினார். அவருடைய மனைவி கருவுற்றிருந்ததால், மகன் பிறந்த பின் வா என்று சோழன் அவரைத் திருப்பி அனுப்பினான். தன் உயிரைப் பற்றிய முடிவில் சிறிதும் அசையாத ஒருவன், அதே முடிவை இன்னொருவர் எடுக்க வந்தபோது முதலில் அவருடைய வீட்டைப் பார்த்தான். ஐயா, உங்கள் கொள்கையில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அது உங்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதை உங்கள் தாயாருக்குப் போர்த்தினீர்கள்.

தென்கரைவாசி

ஆசிரியர் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் ஒரு தகவலை விட்டுவிட்டேன். அம்மா எதுவும் சொல்லவில்லை என்பது முழு உண்மையன்று. தெருவில் யாராவது நெடுநாள் படுக்கையில் கிடந்து இறந்தால், "கிடையில் விழாமல் போய்ச் சேர வேண்டும், பெருமாளே" என்று அம்மா சொல்வார். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு வரும்போதும் அதையே வேண்டிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். மகளிடம் இதைச் சொன்னேன். "அது எல்லா அப்பத்தாக்களும் சொல்வது" என்றாள். இந்தத் தலைப்பை அதனால்தான் வைத்தேன்.

திருச்சுழிப் பேரன்

உங்கள் கடைசிப் பதிவைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றில், நெடுநாள் படுக்கையில் கிடக்கும் முதியவரைக் குளிப்பாட்டி உயிர் போகச் செய்யும் தலைக்கூத்தல் என்ற ஒன்று இருந்தது, முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, இரண்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருந்த தாத்தாவை விட்டுவிட்டு, பள்ளி நாளிலேயே என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்காம் நாள் அழைத்து வந்தார்கள், வாசலில் பந்தல் போட்டிருந்தது. "தாத்தாவைக் குளிப்பாட்டினோம்" என்று மட்டும் அம்மா சொன்னார். அதற்குப் பொருள் எனக்கு விளங்க ஐந்தாறு ஆண்டுகள் ஆயின. சட்டத்தின் முன் அது கொலை. என் வீட்டில் அன்றைக்கு யாரும் அப்படி நினைக்கவில்லை. பாவம் பார்த்துச் செய்தோம் என்றே நினைத்தார்கள், இரண்டு ஆண்டு அவருடைய மலமும் சிறுநீரும் அள்ளிய கைகள்தான் அதைச் செய்தன.

பின்னாளில் பெரியப்பாவிடம் கேட்டேன், தாத்தாவின் சம்மதம் இருந்ததா என்று. அவர் சொன்ன பதில் இது: "கிடையில விழாமப் போயிரணும்னு அவரே நூறு தடவை சொல்லியிருக்காருடா."

நீங்கள் செய்ததும் எங்கள் வீட்டில் நடந்ததும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. உங்கள் தாயாரைக் கொண்டுபோனது நோய். என் தாத்தாவைக் கொண்டுபோனது நாங்கள். ஆனால் இரண்டு வீட்டிலும் சான்றாகக் காட்டப்பட்ட வாக்கியம் ஒன்றே என்பதைப் படித்தபோது உடல் சிலிர்த்துவிட்டது. கிடையில் விழாமல் போக வேண்டும் என்பது சாமியிடம் வைக்கும் வேண்டுதல். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்த உத்தரவாக வாசிக்கும் நேரம், நமக்கு அது தேவைப்படும் நேரமாகவே இருக்கிறது.

பழங்காநத்தம்

ஒப்பீடு அளவுக்கு மீறிப் போகிறது என்று நினைக்கிறேன். மீள முடியாத நோயில் கருவியை எடுப்பதையும், உயிரோடு இருக்கும் முதியவருக்குத் தீங்கு செய்வதையும் ஒரே இழையில் வைப்பதே அந்த மகனுக்கு அநியாயம்.

திருச்சுழிப் பேரன்

செயல் வேறு என்பதை நானே முதலில் சொன்னேன். என்ன செய்யப்பட்டது என்பது ஒரு கேள்வி, யார் முடிவு செய்தது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு நல்ல பதில் கையில் இருப்பதால் இரண்டாவதைக் கேட்கக் கூடாது என்று ஆகாது. ஐயாவின் மகள் கேட்டது இரண்டாவதைத்தான்.

ஞானஒளிவுபுரம்

எங்கள் திருச்சபையில் இது பழைய விவாதம் என்பதால் சில வரிகள் எழுதுகிறேன். 1957 நவம்பரில் மயக்க மருந்து மருத்துவர்களிடையே பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள மனிதர் கடமைப்பட்டவர் என்றும், தனக்கோ பிறருக்கோ பெரும் சுமையாகும் அசாதாரண வழிகளைக் கையாண்டே தீர வேண்டும் என்ற கடமை இல்லை என்றும் விளக்கினார். செயற்கைச் சுவாசக் கருவி மருத்துவமனைகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலத்தில் எழுந்த கேள்விகளுக்கு அவர் தந்த பதில் இது. கருணைக்கொலையை எங்கள் சபை ஒருபோதும் ஏற்றதில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்த இழைக்கு நேராகப் பொருந்துவது அதே உரையின் இன்னொரு பகுதி. நினைவிழந்த நோயாளி வயது வந்தவராக இருந்தால், குடும்பத்தாரின் உரிமையும் கடமையும் பொதுவாக அந்த நோயாளியின் விருப்பம் என்னவாக இருக்கும் என்று ஊகிக்க முடிகிறதோ அதைச் சார்ந்தே அமையும் என்கிறார். அதாவது மகனுடைய கொள்கை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அந்த அறைக்குள் அதற்கு இடமில்லை. "எனக்கு இது நேர்ந்தால் நான் என்ன விரும்புவேன்" என்பது இரக்கமுள்ள கேள்விதான், ஆனால் படுத்திருப்பது நானல்லவே. "அம்மா இருந்து பார்த்தால் என்ன சொல்லுவார்" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அம்மாவின் வாழ்க்கை முழுவதையும் நினைத்துப் பார்க்க வேண்டும், அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது. அவர் ஆஸ்பத்திரிக்கு அஞ்சியவரா, மருந்தை மறுத்தவரா, எதையாவது எதிர்பார்த்துக் காத்திருந்தவரா என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

தென்கரைவாசி

இந்தக் கேள்வியோடு இரண்டு நாள் இருந்தேன். அம்மா ஆஸ்பத்திரிக்கு அஞ்சியவர் அல்லர். 76 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தபோது அறுவை சிகிச்சை வேண்டாம் என்று நாங்கள் தயங்கினோம், அவர்தான் செய்துகொள்கிறேன் என்று பிடிவாதமாக நின்று, ஆறு மாதத்தில் தடி ஊன்றி வெற்றிலைக் கொடிக்கால் வரை நடந்தார். சர்க்கரை மாத்திரையை ஒரு வேளை தவறவிட்டதில்லை. இந்தப் பெண்மணி குழாயோடு மூன்று மாதம் இருந்து பார்ப்போமே என்று சொல்லியிருக்கக்கூடும். மருத்துவர் தந்த நிலவரத்தைக் கேட்டுவிட்டு, போதும் என்றும் சொல்லியிருக்கக்கூடும். அன்று எனக்கு இந்த இரண்டில் எதுவும் தோன்றவில்லை, என்னுடைய பதில் தயாராக இருந்ததால்.

ஆனையூர் செவிலி

ஐயா, இதைப் படித்துவிட்டு நீங்கள் உங்களையே தண்டித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அப்படிப்பட்ட கசிவில், அந்த வயதில், பன்னிரண்டு நாள் நினைவு திரும்பாத நோயாளிகள் பலரைக் கவனித்திருக்கிறேன். நீங்கள் கேட்டிருந்தாலும் முடிவு அதுவாகவே இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

உங்கள் ஆவணத்தைப் பற்றிச் சில நடைமுறைகள். முடிவு சொல்ல வேண்டியவராக மகளின் பெயரை மட்டும் எழுதாதீர்கள், இன்னொருவரையும் சேருங்கள், இல்லாவிட்டால் உங்களுக்கு நேர்ந்தது அவளுக்கும் நேரும். "கருவி வேண்டாம்" என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். நிமோனியா வந்து ஐந்து நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து வீட்டுக்கு நடந்து போனவர்களையும் எனக்குத் தெரியும். எந்த நிலையில் வேண்டாம், எந்த நிலையில் முயன்று பார்க்கலாம் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். வலிநிவாரணப் பராமரிப்பு வேண்டும் என்பதைத் தனியாக எழுதுங்கள், அதை மறந்துவிடுகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு வந்து அந்தப் பராமரிப்பை அளிப்பதும் அடங்கும், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே விசாரித்து வையுங்கள். மனம் மாறினால் ஆவணத்தை எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் திரும்பப் பெறலாம்.

செல்லூர்க்காரன்

அம்மா, அந்தப் படிவத்தில் பணத்துக்கும் ஒரு வரி போட முடியுமா? "இத்தனை ரூபாய்க்கு மேல் போனால் என் பிள்ளைகள் வீட்டை விற்க வேண்டாம்" என்று எழுதினால் அது கொள்கை ஆகுமா, கஞ்சத்தனம் ஆகுமா?

ஞானஒளிவுபுரம்

பிறருக்குப் பெரும் சுமையாகும் வழிகளைக் கையாள வேண்டிய கடமை இல்லை என்று மேலே எழுதினேனே, அந்தச் சுமையில் பணமும் சேரும் அண்ணே. உங்கள் உயிருக்கு நீங்கள் எழுதினால் அது கொள்கை. உங்கள் தகப்பனார் உயிருக்கு நீங்கள் எழுதினால் அவரிடம் கேட்டுவிட்டு எழுத வேண்டும்.

தென்கரைவாசி

நேற்று வாடிப்பட்டியில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். அக்காவுக்கு இதய நோய் உண்டு, ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அம்மாவின் மறைவுக்குப் பிறகு நாங்கள் அந்த 13ஆம் நாளைப் பற்றிப் பேசியதே இல்லை. மகளையும் அழைத்துப் போயிருந்தேன். காபி குடித்து முடித்த பிறகு, இந்த இழையில் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, "அக்கா, நாளைக்கு உனக்கு அம்மா மாதிரி ஆகிவிட்டால் என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன். அறுபது ஆண்டுக்கு மேல் ஒன்றாக இருந்தும் இப்படி ஒரு கேள்வியை அவரிடம் நான் கேட்டதில்லை.

என்னைப் போலவே பதில் சொல்வார் என்று நினைத்திருந்தேன். அக்கா சிரித்துவிட்டு, "உன்ன மாதிரி எனக்கு அவசரம் இல்லடா. எந்தக் குழாய் வேணும்னாலும் போடு. பேத்தி கல்யாணம் வர்ற தை மாசம். அதுக்கப்புறம் வேணும்னா வந்து கேளு" என்றார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

செவிலி அம்மாவிடம் ஒரு சந்தேகம்: வேண்டாம் என்று எழுதி வைக்க ஆவணம் இருக்கிறது. வேண்டும் என்று சொல்பவர்கள் எங்கே எழுதி வைப்பது?

ஆனையூர் செவிலி

அந்த ஆவணம் சிகிச்சையை மறுப்பதற்காக ஏற்பட்டது ஐயா. வேண்டும் என்பதற்கு நோட்டரி தேவையில்லை. அக்கா சொன்னதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அவரிடமே கையெழுத்து வாங்கி, அவருடைய இதய நோய்க் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். ஆம்புலன்ஸ் வந்தால் வீட்டார் எடுத்துக்கொண்டு ஓடுவது அந்தக் கோப்பைத்தான். தை முடிந்ததும் மறுபடியும் போய்க் கேளுங்கள், அவரே வரச் சொல்லியிருக்கிறாரே.